பழகுநர் பயிற்சிக்கு அரசுப் பணம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைக்குப் பழகுநர், அதாவது வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் அப்ரண்டிஸ், எடுக்க முடிவு செய்துவிட்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "இதற்கு அரசுப் பணம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாய். எல்லாச் செலவையும் ஏற்கும் ஒரே திட்டத்தைத் தேடி அலையாதே, அப்படி ஒன்று அநேகமாக எங்கும் கிடையாது. முதலில் செலவைப் பிரித்து எழுது: பழகுநருக்கு நீ தரும் உதவித்தொகை அல்லது சம்பளம், வகுப்புக் கட்டணம், கற்றுத்தரும் மூத்த தொழிலாளி அதற்காக விடும் வேலை நேரம், கருவிகளும் பாதுகாப்புச் சாதனங்களும், தேர்வு, சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி வேறு.

இது நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது பார். இந்தியாவில் 2016இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்புடன் ஏற்றது. இங்கிலாந்தில் நேர் எதிர்: ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் 2017 முதல் பழகுநர் பயிற்சிக்காக 0.5 சதவீதம் தீர்வை (ஒருவகை வரி) வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் கொடுக்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுத் தொழிலாளர் திறன் வளர்ப்புச் சட்டப்படி, வேலையிலேயே கற்கும் காலத்துச் சம்பளத்தில் பாதிவரை முதலாளிக்குத் திரும்பக் கிடைக்கும், உள்ளூர் வேலைவாய்ப்பு வாரியம் நினைத்தால் 75 சதவீதம்வரை உயர்த்தலாம். ஆகவே திட்டத்தின் பெயரைப் பார்க்காதே. எந்தச் செலவுக்கு, யார் கணக்கில் பணம் வரும் என்று பார். இந்தியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அரசின் பங்கு நேரே பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. முதலாளி தன் கணக்கில் வரவு பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துதான் போவார்.

பலர் தவறவிடும் வழி ஒன்று இருக்கிறது. சில உதவிகள் உன் நிறுவனத்துக்கு இல்லை, சேரும் ஆளுக்கு உரியவை: முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளி, நீண்ட நாள் வேலையில்லாதவர் என்று. அமெரிக்க முன்னாள் படைவீரருக்குப் பழகுநர் காலத்தில் வீட்டுப்படி கிடைக்கும். முதல் ஆறு மாதம் முழுத் தொகை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 80, 60, 40, 20 சதவீதம் என்று இறங்கும். சேரும்போதே ஒவ்வொருவரிடமும் அவருக்கு என்ன தகுதி என்று கேட்டுவிடு. வகுப்புக்கு அருகிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியைக் கேள். அவர்களிடம் ஏற்கெனவே அரசு ஒதுக்கிய இடங்கள் இருந்தால் உனக்கு அந்தச் செலவே வராது.

வரிசை தப்பக் கூடாது. உன் பயிற்சித் திட்டத்தைப் பதிவு செய், ஒப்புதல் வாங்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, அதற்குப் பிறகுதான் முதல் நாள் வேலை. ஒப்புதலுக்கு முன்பே ஆள் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் உன் கேட்பு, அதாவது பணம் கேட்டு நீ அனுப்பும் விண்ணப்பம், தள்ளுபடியாகும். உதவி இல்லாமலே நடந்துவிட்ட ஒன்றுக்கு ஏன் பொதுப்பணம் என்பது பணம் தருபவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது.

பணம் முன்கூட்டி வராது. நீ செலவழித்த பிறகு, கணக்குக் காட்டிய பிறகுதான் வரும். காலாண்டுக்கு ஒருமுறை கேட்பு, சரிபார்க்க இரண்டு மாதம் என்றால் முதல் தொகையைப் பார்க்கவே ஐந்து மாதம் ஆகும். ஆறு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கு. இடையில் ஒருவர் நின்றால் அன்றே தெரிவி. தெரிவிக்காமல் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டவேண்டி வரும். முடித்தால்தான் தருவோம் என்று ஒரு பங்கை நிறுத்திவைக்கும் திட்டங்களும் உண்டு, அதை வரவில் சேர்க்காதே.

எல்லாவற்றையும்விடப் பதிவேடுதான் உன்னைக் காப்பாற்றும். தேதி, பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, அது பாடத்திட்டத்தில் எந்தப் பகுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து, இந்த நேரத்துக்கு எந்தத் திட்டத்தின் பணம்: இத்தனை கட்டங்கள் வேண்டும். "கடைசல் வேலை" என்று மட்டும் எழுதினால் போதாது. "கடைசல் இயந்திரம், 25 மி.மீ. தண்டில் படி கடைதல், அளவு சரிபார்த்தது" என்று எழுதச் சொல். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முப்பது கையெழுத்துப் போடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்த நாளில் அவர் கையெழுத்து இருந்தால், தணிக்கையில் அந்த ஒரு வரி முழுப் பதிவேட்டையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கடைசிக் கட்டத்தை மறக்காதே. ஒரே மணி நேரத்துக்கு இரண்டு திட்டங்களிடம் பணம் கேட்டால் இரண்டும் போய்விடும்.

சேரும் தேதியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லையென்றால் இப்போதைக்குச் சொல்லாதே. செலவுப் பட்டியலை எழுதி அனுப்பு, எந்த வரிக்கு எங்கே கேட்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்