ஷெரிப் வேறு, எஸ்.பி. வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கிராமப்புறங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'கவுண்டி ஷெரிப்' (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) என்பவரை 'மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்' என்று எழுதியிருந்தீர்கள். வாசகருக்கு எளிதில் புரியட்டும் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லால் அவருடைய வேலையின் உயிரே விடுபட்டுப்போகிறது. என் மகள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தபோது, அவளோடு இரண்டு குளிர்காலங்கள் தங்கியிருந்தவள் நான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் எஸ்.பி. அரசால் நியமிக்கப்படுகிறவர். இன்று தஞ்சாவூர், நாளை தருமபுரி. அவருக்கு மேலே டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று படிகள் இருக்கின்றன. ஓரிகனின் 36 கவுண்டிகளிலும் ஷெரிப்பை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். மாநில ஆளுநர் நினைத்தாலும் அவரை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. கவுண்டிச் சிறையை நடத்துவது அவர். நீதிமன்றத் தாக்கீதுகளை வீடு தேடிப்போய்ச் சார்பு செய்வது அவருடைய அலுவலகம். காட்டிலும் பாலையிலும் வழிதவறியவர்களைத் தேடி மீட்கும் பொறுப்பையும் அம்மாநிலச் சட்டம் அவரிடமே கொடுத்திருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எஸ்.பி., ஜெயிலர், கோர்ட் அமீனா, பாதித் தீயணைப்புத் துறை எல்லாம் ஒரே ஆள்தான்.

தூரத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஓரிகனின் ஹார்னி கவுண்டி 26,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. ஏறத்தாழ தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 7,500 பேர். அவசர எண்ணை அழைத்தால் பத்து நிமிடத்தில் யாரும் வந்துவிட முடியாது.

நான் தங்கியிருந்த கவுண்டியின் பெயரை எழுதவில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எங்கள் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்து கொடுக்கும் ஒரு மூதாட்டி ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பண்ணை வீட்டில் தனியாக வசித்தார். ஒரு ஜனவரியில் மூன்று நாள் விடாமல் பனி பெய்தது. அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை என்று வெளியூரிலிருந்த அவருடைய மகன் பதறி, ஷெரிப் அலுவலகத்தை அழைத்தார். அன்று பணியிலிருந்த ஒரே துணை ஷெரிப் நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் இருந்ததால் ஷெரிப் தாமே புறப்பட்டார். சக்கரங்களில் சங்கிலி கட்டிக்கொண்டு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஷெரிப் அவருக்குப் போர்வை போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாராம். ஆம்புலன்ஸ் போன பிறகும் அவர் உடனே திரும்பவில்லை. இரண்டு நாளாகத் தீனி இல்லாமல் நின்ற குதிரைகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, கோழிக் கூண்டைச் சாத்திவிட்டுத்தான் வந்தார். அந்த அம்மாள் பிழைத்து வந்து இதை என்னிடம் சொன்னபோது கோழிக் கூண்டைத்தான் இரண்டு முறை சொன்னார்.

அதே மனிதர்தான் ஒரு நாள், பள்ளியில் தம்மோடு படித்தவரின் வீட்டைக் காலி செய்யும் உத்தரவையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டப்படி கொடுத்தார். பிறகு சாமான்களை ஏற்றத் தம் வண்டியோடு போய் நின்றார். வேற்றூரிலிருந்து மாற்றலில் வந்த அதிகாரிக்கு இப்படி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இவருக்கு மறுநாளும் அதே கடையில் பால் வாங்க வேண்டும்.

டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020இல் மொத்தம் 64 பேர்தான். 1945இல் அங்கே ஷெரிப்பாக நியமிக்கப்பட்டு, பிறகு தேர்தலிலும் வென்ற எட்னா ரீட் கிளேட்டன்தான் டெக்சாஸில் தேர்தல் மூலம் வந்த முதல் பெண் ஷெரிப். அவர் துப்பாக்கி எடுத்துச் சென்றதே இல்லை. கைது செய்தது இரண்டே முறை. அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தேர்தல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2016 ஜனவரியில் ஆயுதம் ஏந்திய ஒரு குழு ஹார்னி கவுண்டியின் மால்ஹூர் வனவிலங்குச் சரணாலயத்தைக் கைப்பற்றி 41 நாட்கள் பிடித்து வைத்திருந்தது. ஷெரிப் டேவ் வார்ட் ஊர்க்கூட்டம் கூட்டி மக்களின் கருத்தைக் கேட்டார். சாலையோரத்தில் குழுத் தலைவரை நேரில் சந்தித்து, பாதுகாப்பாக வெளியேற வழி செய்து தருவதாகச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பக்கத்து கிராண்ட் கவுண்டியின் ஷெரிப்போ அந்தக் குழுவிடம் அனுதாபம் காட்டுவதாகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். ஆனாலும் அவ்வாண்டுத் தேர்தலில் வென்றார், 2020இல்தான் தோற்றார்.

இன்னொன்று பணம். தென்மேற்கு ஓரிகனின் ஜோசஃபின் கவுண்டி, அரசுக் காடுகளின் மர வருமானத்தையும் அது குறைந்த பின் வந்த மானியத்தையும் நம்பியிருந்தது. மானியம் நின்றது. 2012 மே மாதம் கூடுதல் வரிக்கான வாக்கெடுப்பிலும் மக்கள் மறுத்தார்கள். ஷெரிப் அலுவலகம் துணை ஷெரிப்புகளில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, முன்னாள் காதலன் கதவை உடைத்து உள்ளே வர முயல்வதாக ஒரு பெண் அவசர எண்ணை அழைத்தார். வார இறுதியில் ஷெரிப் அலுவலகத்தில் ஆள் இல்லை. மாநிலக் காவல் துறைக்கு அழைப்பு மாற்றப்பட்டது. அவர்களாலும் ஆள் அனுப்ப முடியவில்லை. தொலைபேசியில் ஆறுதல் சொல்ல மட்டுமே முடிந்தது. அவன் உள்ளே புகுந்து அந்தப் பெண்ணைத் தாக்கினான். உங்கள் கட்டுரை அமெரிக்கக் கிராமங்களின் வறுமையைப் பற்றியது. இதைச் சொல்லாமல் அது முழுமை பெறாது என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஷெரிப்பை 'ஷெரிப்' என்றே எழுதுங்கள். சென்னைக்கும் அது அந்நியச் சொல் அன்று. 1726ஆம் ஆண்டின் சாசனத்தால் உருவான 'மதராஸ் ஷெரிப்' பதவியும் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் வேலையோடுதான் தொடங்கியது. பிறகு அது பிரமுகர்களுக்கான கௌரவப் பட்டமாகச் சுருங்கி, 1998இல் நீக்கப்பட்டது. மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இளையவர்களுக்கு அடிக்குறிப்பாக ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.