ஐவ்ஸுக்குக் காட்டிய பொறுமையை பிரைஸுக்கும் காட்டுங்கள்

அமெரிக்காவின் மாபெரும் இசையமைப்பாளர்கள் யார் யார் என்று பட்டியல் போடும் விமர்சகர்களுக்கும், இசைப் பேராசிரியர்களுக்கும், வானொலித் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பட்டியல்களைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். வரிசை மாறுகிறது, பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. சார்லஸ் ஐவ்ஸ், ஆரன் காப்லாண்ட், ஜார்ஜ் கெர்ஷ்வின், சாமுவேல் பார்பர், லெனார்ட் பெர்ன்ஸ்டைன். இவர்களில் யாரையும் இறக்கிவிடச் சொல்லி இதை எழுதவில்லை. காப்லாண்டின் 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' என்றால் எனக்கும் உயிர். ஆனால் முதல் ஐந்து பெயர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லாத பட்டியல்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன் என்று கேட்டால், நிறம் பார்க்கவில்லை, தரம்தான் பார்த்தோம் என்கிறீர்கள்.

சரி, தரத்தையே பேசுவோம். ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். தன் 'கான்கார்ட்' என்ற பியானோ படைப்பையும் 114 பாடல்களையும் சொந்தக் காசில் அச்சிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மூன்றாம் சிம்பொனி (பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) 1946இல்தான் மேடை ஏறியது. மறுவருடமே அதற்கு அமெரிக்காவின் பெருமைக்குரிய புலிட்சர் பரிசு கிடைத்தது. அத்தனை காலம் யாரும் கேட்காமல் கிடந்த இசையைத் தேடி எடுத்து, கையெழுத்துப் பிரதிகளைச் சரிபார்த்து, இசைத்து, பாடமாகவும் வைத்தார்கள் உங்கள் முன்னோடிகள். அது நல்ல காரியம். அந்தப் பொறுமை ஃப்ளாரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் இசையமைப்பாளருக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1887இல் பிறந்தவர் பிரைஸ். 1933இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை இசைத்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியைப் பெரிய இசைக்குழு ஒன்று இசைத்தது அதுவே முதல்முறை. பிழைப்புக்காக அவர் மௌனப் படங்களுக்கு ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசித்தார், வானொலி விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதினார். 1943இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திய குசேவிட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு இரண்டு தடைகள், ஒன்று பெண் என்பது, மற்றொன்று இனம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். தன் இசையைப் பார்க்கும்படிதான் கேட்டார், சலுகை கேட்கவில்லை. குசேவிட்ஸ்கி அவருடைய சிம்பொனிகளை மேடையேற்றவில்லை. பிரைஸ் 1953இல் இறந்துபோனார். 2009இல் இல்லினாய்ஸின் செயின்ட் ஆன் ஊரில், ஆள் இல்லாமல் பாழடைந்து கிடந்த வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. 1945இல் எழுதிய நான்காம் சிம்பொனி 2018இல்தான் முதன்முதலாக ஒலித்தது. ஐவ்ஸைவிட நீண்ட காத்திருப்பு இது. ஆனால் ஐவ்ஸின் தாள்கள் மேதைமையின் சான்றாகப் படிக்கப்பட்டன, பிரைஸின் தாள்கள் ஒரு செய்தியாக வந்துபோயின.

அடுத்து, கறுப்பின இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டன். அவர் ஜாஸ், அது தனிப் பிரிவு என்கிறீர்கள். அப்படியானால் கெர்ஷ்வின் எப்படி உள்ளே வந்தார்? 'ராப்சடி இன் ப்ளூ'வில் ஜாஸ் இருப்பது அவருக்குத் தடையாகவில்லையே. எலிங்டன் 1943இலேயே நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் 'பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்' என்ற முக்கால் மணி நேரப் படைப்பை அரங்கேற்றியவர். 1963இல் அமெரிக்க அரசே அவரையும் குழுவையும் இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தின் நினைவில் பில்லி ஸ்ட்ரேஹார்னுடன் சேர்ந்து அவர் எழுதியதுதான் 'ஃபார் ஈஸ்ட் சூட்'. ஊருக்கெல்லாம் இவர்தான் எங்கள் இசை என்று காட்டிய நாட்டில், இரண்டே வருடம் கழித்து, 1965இல், அவருக்குச் சிறப்பு விருது தரலாம் என்ற நடுவர்களின் பரிந்துரையை புலிட்சர் வாரியம் நிராகரித்தது. மூன்று நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். விருது 1999இல் வந்தது. அதற்கு 25 வருடம் முன்பே அவர் போய்ச்சேர்ந்துவிட்டார். இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின இசையமைப்பாளர் ஜார்ஜ் வாக்கர், அதுவும் 1996இல்தான்.

நீங்கள் தரம் என்று சொல்வது, யாருக்கு மேடையும் அச்சும் ஒலிப்பதிவும் கிடைத்தன என்பதன் கணக்காகவும் இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் காது என்று நம்பிவிடாதீர்கள். நிறத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. அடுத்த பட்டியலை வெளியிடும்போது, வாக்களித்த ஒவ்வொருவரும் எந்தெந்தப் படைப்புகளை முழுதாகக் கேட்டுவிட்டு வாக்களித்தார் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பார்பரும் வாக்கரும் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் படித்தவர்கள், இருவருக்கும் இசையமைப்பு ஆசிரியர் ரொசாரியோ ஸ்கலேரோ. இருவருமே தங்கள் நால்வர் தந்திக் குழுப் படைப்பிலிருந்து மெதுவான பகுதியை எடுத்துப் பெரிய தந்திக் குழுவுக்கு மாற்றினார்கள். பார்பரின் 'அடாஜியோ' உங்களுக்கு மனப்பாடம். வாக்கரின் 'லிரிக்', அடிமையாக இருந்த தன் பாட்டியின் நினைவாக அவர் எழுதியது. இரண்டையும் ஒரே இரவில், அடுத்தடுத்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் பட்டியல் போட உட்காருங்கள்.

அன்புடன்,
ஓர் இசை ரசிகர்