இரங்கல் அறிவிப்பில் விட்டுப்போன 15 வருடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளுக்கு உங்கள் இதழ் வெளியிட்ட செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அப்பா ஒரு வருடமும் தவறவிடாத நாள் அது. இந்த வருடம் அவர் இல்லை.

அந்த நாள் எப்படி வந்தது என்று வீட்டில் பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்வார். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம், காணாமல் போன தங்கள் ஆட்களைத் தேடிப் போன போலீஸ்காரர்களைச் சீனப் படையினர் சுட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். உடல்கள் கைக்கு வரவே மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. "அன்னைக்கு அந்த எல்லையில நின்னது பட்டாளம் இல்லைம்மா, போலீஸ்" என்பார். ராணுவ உடுப்பும் காக்கியும் இரண்டும் போட்டவர் அவர். அதனால் அந்த 10 பேரைச் சொந்தக்காரர்கள் மாதிரிதான் பேசுவார்.

1968இல், 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். 15 வருடம் முடித்து, சிறு அணியை நடத்தும் நாயக் என்ற பதவியில் வெளியே வந்தார். அடுத்த வருடமே போலீஸில் இரண்டாம் நிலைக் காவலர். 2008இல் ஓய்வு பெறும்போது தலைமைக் காவலர். மொத்தம் 39 வருடம். ஆனால் அவர் இறந்தபோது நாங்கள் கொடுத்த இரங்கல் அறிவிப்பில் 'ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்' என்று மட்டும்தான் போட்டோம். அவசரத்தில் எழுதியது. முதல் 15 வருடம் அதில் இல்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

பெற்ற பிள்ளைகள் நாங்களே விட்டுவிட்டபோது யாரைக் குறை சொல்வது? ராணுவத்தில் அவருடைய ஆவணம் ஓரிடத்தில் இருக்கிறது, போலீஸ் பணிப் பதிவேடு வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டிலும் தேதிகள் இருக்கும், இடமாறுதல்கள் இருக்கும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு வந்த மனிதன் எப்படி இருந்தான் என்பது எதிலும் இருக்காது.

அது சின்ன மாற்றமா? பத்துப் பேரை நடத்திக்கொண்டிருந்தவர், 34 வயதில் மறுபடியும் கடைசி வரிசையில் நின்று, தன்னைவிட பத்து வயது இளைய எஸ்.ஐ.க்கு சல்யூட் அடித்தார். அதைப் பற்றி வருத்தமாக ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவரை வாட்டியது வேறு. பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால் தெருவே கூடி விசாரிக்கும். அதே ஆள் காக்கிச் சட்டையோடு நடந்து வந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "பட்டாளத்துல எதிர்ல நிக்கிறவன் யாருன்னு தெரியும். பந்தோபஸ்துல எதிர்ல நிக்கிறதும் நம்ம ஜனம்தான்" என்று ஒருமுறை சொன்னார். போலீஸ் வேலைதான் கஷ்டம் என்று அவர் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1971 போரில் அவர் கிழக்கு முனையில் இருந்தார். பாட்டிக்கு வந்த கடிதங்களில் ஊர்ப் பெயரே இருக்காது, '99 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். சண்டையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் டிசம்பர் 16க்குப் பிறகு நடந்ததைத்தான். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் சுமார் 93,000 பேர் கைதிகளானார்கள். அவர்களில் ஒரு கூட்டத்துக்குக் காவல் நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். காலையிலும் மாலையிலும் தலையை எண்ண வேண்டும். அதை 'கின்தி' என்பார்கள். ஒரு தலை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. ரயிலில் ஏறினால் எங்களை எண்ணுவார், கல்யாண வீட்டில் பிள்ளைகளை எண்ணுவார், இரவு படுக்கும்முன் ஒருதரம் எண்ணிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்த மறுநாளே அவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையில் கிடந்தவர்களைத் தூக்கி வரிசையாகக் கிடத்தி, எண்ணிக் கணக்குச் சொல்லும் வேலையில் அப்பா இருந்தார். அதில் எத்தனையோ பேர் குழந்தைகள். வீடு திரும்பியதும் குளித்தார், படுத்தார். எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரையும் எண்ணியதில்லை. இதை நான் கவனித்ததே சில வருடங்கள் கழித்துத்தான்.

பணியில் உயிர் விட்டவர்களுக்கு டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவுச்சின்னம் இருக்கிறது. படையில் இறந்தவர்களின் பெயர்கள் தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. அது அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை. நான் கேட்பது, உயிரோடு திரும்பி வந்து, பென்ஷன் வாங்கி, வீட்டில் அமைதியாக இருப்பவர்களுக்காக. 1971இல் 20 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. டிசம்பர் 16 அன்றும் அக்டோபர் 21 அன்றும் இவர்கள் தங்கள் வாயாலேயே சொல்வதை வெளியிட உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? வீரத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பாரா நின்ற இரவுகள், கிடைக்காத லீவு, உடன் இருந்தவர்களின் பெயர்கள், இவையே போதும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து போனிலாவது பதிவு செய்துவையுங்கள். பதில் வராவிட்டாலும் இன்னொரு நாள் கேளுங்கள். நான் ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

அவருடைய டிரங்க் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், 1971 போருக்காகக் கிடைத்த பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல் என்ற பதக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் இருந்தது. கூடாரத்துக்கு முன்னால் பதினோரு பேர். இடமிருந்து நான்காவது அப்பா. பின்பக்கம் '1972 ஜனவரி' என்று மட்டும் எழுதியிருக்கிறார், மற்ற பத்துப் பேரின் பெயர் இல்லை. படத்தின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெளியிட முடிந்தால் வெளியிடுங்கள். அதில் தன்னையோ தன் அப்பாவையோ தாத்தாவையோ யாராவது அடையாளம் கண்டால், உங்கள் மூலமாக எனக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின், ஓய்வுபெற்ற தலைமைக் காவலரின் மகள்