மூடிய கண்களுக்குக் கீழே வெட்டுப்பட்ட பட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணால் கண்டதைவிட மனத்தில் தோன்றுவதைக் குறியீடுகளாகத் தீட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியின் குறியீட்டிய (சிம்பலிச) ஓவியர்கள் கனவை எப்படிக் கையாண்டார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. நகை விளம்பரத்துக்குப் போகவேண்டிய இடத்தைப் பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோனுக்குக் கொடுத்ததற்கு முதலில் நன்றி. படத்தை அச்சிட்ட விதத்திலும் அதன் கீழே எழுதிய வரியிலும் நேர்ந்த தவறுகளைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நீங்கள் வெளியிட்டது ரெதோன் 1890-ல் தீட்டிய ‘மூடிய கண்கள்’. அசல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44 சென்டிமீட்டர், அகலம் 36. நம் நாட்காட்டி அட்டை அளவுதான். கண்களை மூடிச் சாய்ந்த ஒரு தலை, தோள்வரை. தோளுக்குக் கீழே கிடைமட்டமாக ஒரு பட்டை ஓடும். அதைத் தண்ணீர் என்றும் சொல்லலாம், கைப்பிடிச் சுவர் என்றும் சொல்லலாம். பக்கத்தில் இடம் போதாமல் நீங்கள் வெட்டியது அதைத்தான். அந்தப் பட்டை இருக்கும்வரை முகத்தின் அளவு பிடிபடாது. அடிவானத்துக்கு அப்பாலிருந்து எழுந்த மலையளவு தலையா, தொட்டி விளிம்பில் சாய்ந்த மனிதத் தலையா என்று மனம் தடுமாறும். பட்டையை எடுத்துவிட்டால் தூங்கும் ஒருவரின் பாஸ்போர்ட் படம் மட்டும்தான் மிச்சம். போதாக்குறைக்கு நிறத்தையும் ஏற்றியிருக்கிறீர்கள். அசலில் எண்ணெய் வண்ணம் மிக மெல்லியது, துணியின் நெசவு இழை தெரியும்.

படத்தின் கீழே நீங்கள் எழுதிய ‘ஃபிராய்டின் தாக்கத்தில் வரைந்தது’ என்ற வரி காலக்கணக்கில் உதைக்கிறது. உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஃபிராய்டின் கனவு பற்றிய நூல் 1899 நவம்பரில்தான் வெளிவந்தது. அட்டையில் 1900 என்று போட்டிருந்தார்கள். ரெதோனின் ‘கனவில்’ என்ற கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படத் தொகுப்பு 1879-ஐச் சேர்ந்தது. பத்துப் படங்கள், 25 பிரதிகள். இருபது வருடம் முந்தியவருக்குப் பிந்தியவர் எப்படிப் பாடம் எடுப்பார்? பள்ளிப் போட்டிகளில் ‘குறியீட்டியம்’ என்று பிள்ளைகள் வரைந்து தரும் உருகும் கடிகாரமும் இதே குழப்பத்தில் பிறந்ததுதான். அது ஸ்பெயின் ஓவியர் டாலி 1931-ல் வரைந்தது, பின்னால் வந்த சர்ரியலிசம் என்ற வேறு இயக்கம். ரெதோன் 1916-லேயே காலமாகிவிட்டார். (குறியீட்டியத்தின் அறிக்கையே ஒரு நாளிதழில்தான் வெளிவந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும்: கவிஞர் ழான் மொரேயாஸ், ‘லெ ஃபிகாரோ’, 1886 செப்டம்பர் 18.)

இனி விஷயத்துக்கு வருவோம். கனவைப் படமாக்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. பிரெஞ்சு ஓவியர் புவி த ஷாவானின் ‘கனவு’, 1883, பழைய வழி. நிலவொளியில் ஒரு வழிப்போக்கன் மூட்டையோடு படுத்திருக்கிறான். வானத்தில் மூன்று பெண்கள் மிதந்து வருகிறார்கள். ஒருத்தி ரோஜாவைத் தூவுகிறாள், அது காதல். ஒருத்தி கையில் வாகை இலை வளையம், அது புகழ். மூன்றாமவள் இறைப்பது காசு, அது செல்வம். நிறங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி அழகாக இருக்கும், ஆனாலும் அர்த்தம் அங்கேயே முடிந்துவிடுகிறது. தூங்குபவன் ஒரு பக்கம், அவன் கனவு ஒரு பக்கம் என்று பார்ப்பவர் பிரித்து வாசித்துவிடலாம்.

மற்ற வழியில் அந்தப் பிரிப்பு இல்லை. பிரெஞ்சு ஓவியர் பால் கோகேன் 1888-ல் தீட்டிய ‘பிரசங்கத்துக்குப் பிந்திய காட்சி’யில் வெள்ளைத் தலைத்துணி கட்டிய பெண்களும், அவர்கள் கேட்ட பைபிள் கதையில் தேவதூதனோடு மல்லுக்கட்டும் யாக்கோபும் ஒரே சிவப்புத் தரையில் இருக்கிறார்கள், நடுவே ஒரு மரம் மட்டும் குறுக்கே சாய்கிறது. பெல்ஜிய ஓவியர் க்னோப்ஃப் 1891-ல் வரைந்த ‘என்னை நானே உள்ளே பூட்டிக்கொள்கிறேன்’ படத்தில் தூங்குகிறவரே கிடையாது. கண் திறந்த பெண், பின்னால் உறக்கத்தின் தெய்வமான ஹிப்னோஸின் தலை, அதில் ஒரு நீலச் சிறகு. அங்கே எது சன்னல், எது கண்ணாடி, எது படம் என்று சொல்ல முடியாது. சுவிஸ் ஓவியர் ஹோட்லரின் ‘இரவு’ இன்னும் நேரடி: எல்லாரும் தூங்க, நடுவில் இருப்பவன்மேல் மட்டும் கறுப்புத் துணி போர்த்திய உருவம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதுவேதான். 1891-ல் ஜெனீவா கண்காட்சியிலிருந்து அதை நீக்கினார்கள்.

இந்த வேறுபாட்டை மாணவருக்கு விளக்க பாரிஸ்வரை போகவேண்டியதில்லை, காங்கயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனால் போதும். பக்தர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை, சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டபின், உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். மண், தண்ணீர், மஞ்சள் என்று எது வேண்டுமானாலும் வரலாம். அடுத்த கனவு வரும்வரை அது கண்ணாடிக்குள் இருக்கும். இதற்கு இதுதான் பொருள் என்று பெட்டியில் சீட்டு ஒட்டுவதில்லை. வருகிறவர்கள் நின்று யோசிக்கிறார்கள். புவி த ஷாவானின் காசும் ரோஜாவும் சீட்டு ஒட்டிய பொருள்கள்; ரெதோனின் பட்டை சீட்டு ஒட்டாதது. (பக்தியையும் ஓவியத்தையும் ஒன்றாக்கவில்லை, பார்க்கும் முறையைத்தான் சொல்கிறோம்.)

வரைய விரும்பும் மாணவருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ரெதோனின் ‘கறுப்புகள்’ எனப்படும் கரிப்படங்கள் தொடங்க நல்ல இடம், செலவும் குறைவு. ஏ3 அளவில் சற்றே சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள் எடுங்கள். வழுவழுப்பான சார்ட்டில் கரி நிற்காது. வெள்ளைத் தாளில் நேராகத் தொடங்கவேண்டாம். 200 மில்லி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, அகலத் தூரிகையால் ஒரு பூச்சு. தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் ஒட்டிவிட்டுப் பூசாவிட்டால் அப்பளமாகச் சுருளும். தேயிலை நிறம் வெயிலில் வெளுக்கும், அதனால் வைத்துக் காப்பாற்றவேண்டிய படத்துக்குப் பழுப்புத் தாளையே வாங்கிவிடலாம். ரெதோனும் நிறத் தாள்களில் வரைந்தவர்தான். கரி உதிராமலிருக்க மேலே பூசும் பிசின் ஃபிக்சேட்டிவ் அவற்றுக்குப் பொன்மஞ்சள் சாயையும் ஏற்றியிருக்கிறது.

தாள் காய்ந்ததும் மென்கரிக் குச்சியைப் படுக்கவைத்து முழுத் தாளிலும் தேய்க்க வேண்டும். பிறகு துணியால் துடைத்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்டை மிஞ்சிய துணி கிடையாது. நூல் உதிராமல் கரியைப் பிடிக்கும். விரலால் தேய்ப்பதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் விரல் வழியாகத் தாளில் ஏறிவிட்டால் அந்த இடம் திட்டாகக் கறுத்துவிடும், எந்த ரப்பரும் அதை எடுக்காது. இப்போது வெளிச்சங்களை எடுக்கலாம்: பிசையும் ரப்பர், இல்லாவிட்டால் பிரட்டின் வெள்ளைப் பகுதியை உருட்டி ஒற்றி எடுப்பது. கோடு போட்டு நிரப்புகிற வேலை இல்லை இது. புகைக்குள்ளிருந்து முகத்தை வெளியே இழுக்கிற வேலை. முகத்தின் ஒரு விளிம்பாவது பின்னணியில் கரைந்துபோக வேண்டும். சுற்றிலும் கோடு போட்டு அடைத்த முகம் ஸ்டிக்கர் ஆகிவிடும்.

கட்டிக் கரி (கம்ப்ரெஸ்டு சார்கோல்) கடைசியில்தான். அதில் பிசின் கலந்திருப்பதால் எளிதில் அழியாது. ஆழமான கறுப்பு தேவைப்படும் ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும் போதும். ஃபிக்சேட்டிவை 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, திறந்த வெளியில், மெல்லிய பூச்சாக இரண்டு முறை, நடுவே பத்து நிமிட இடைவெளி. கிட்டே போய் அடித்தால் துளி வழிந்து புள்ளி விழும். தலைமுடி ஸ்பிரே மலிவுதான், ஒட்டிப் பழுப்பேறிவிடும்.

எதை வரைவது என்பதில் ரெதோனின் விதி கறாரானது: நடக்கமுடியாததை நடக்கக்கூடியதன் விதிப்படி வரை. 1882-ல் அவர் வரைந்த கண்-பலூனைப் பாருங்கள். வானத்தில் ஏறும் பலூன் ஒரு கண். கயிறு, நீர்ப்பரப்பு, முன்னால் ஒரு செடி எல்லாம் இயல்பு. ஒரு படத்துக்கு ஒரே ஓர் அதிசயம் போதும். ஆந்தை, மண்டையோடு, ஏணி, நிலா, சாவி என்று ஐந்தையும் போட்டால் அது கனவாகாது, சந்தைக்கடை.

அச்சுப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். நியூஸ்பிரிண்ட் தாளில் மைப் புள்ளி பரவும். ரெதோனின் கறுப்புக்குள் இருக்கும் நான்கைந்து சாயைகளும் ஒட்டிக்கொண்டு தார் பூசியதுபோல் வந்துவிடும். நிழல் பகுதியை மட்டும் திரையில் சற்று வெளுக்கவைத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தைச் சிறிதாக்கலாம், வெட்டக் கூடாது. கீழே ஆண்டு, ஊடகம், அளவு மூன்றையும் போடுங்கள். அளவு தெரியாததால்தான் 44 சென்டிமீட்டர் படத்தைச் சுவர் ஓவியம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மாணவர்களுக்குப் போட்டி வைப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ‘என் கனவு’ என்று தலைப்புக் கொடுத்தால் மேகக் குமிழுக்குள் கலெக்டரும் டாக்டரும்தான் வருவார்கள். ‘கண் மூடிய முகம், அதன் கீழே ஒரு கோடு’ என்று மட்டும் கொடுங்கள். கோடு எது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
ஈரோடு, திருப்பூர் மாவட்டங்கள்