பேத்தி குதிரை ஏறப் போகிறாளாம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சின்னவளைக் குதிரைச் சவாரி வகுப்பில் சேர்த்திருக்கிறோம், இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நம் குடும்பத்தில் யாருக்குப் பழக்கம், சரிவருமா அப்பா என்று கேட்டாய். உன் தாத்தா கொழும்பு ரேஸ்கோர்ஸில், அந்தக் குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரைகளைப் பராமரிக்கிற குதிரைக்காரராக இருந்தவர், மகள். நீ பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார், நானும் உட்கார்ந்து உனக்குச் சொன்னதில்லை.

ரேஸ்கோர்ஸ் என்றால் உனக்கு இப்போதுள்ள கடைகளும் ரக்பி மைதானமும்தான் நினைவுக்கு வரும். கறுவாத்தோட்டத்தில் அதை 1893இல் திறந்தார்கள். அதற்கு முன் பந்தயம் ஓடியது காலிமுகத்திடலில், நீ இஸ்ஸோ வடை கேட்டு அழுத அதே இடத்தில். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது ரேஸ்கோர்ஸை விமான ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட வந்தன, இப்படி ஓர் ஓடுபாதை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, அவர்களை எதிர்க்க பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின.

எனக்கு நினைவிருப்பது அதற்கெல்லாம் பிறகு. விடிய முன்னமே அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் போவார். அவித்த கொள்ளின் மணமும் ஈர வைக்கோல் மணமும் கலந்து வரும். முதலில் குதிரைக்குக் குரல் கொடுப்பார், பிறகுதான் தோள் பக்கமாகக் கிட்டப் போவார், பின்பக்கமாகப் போகவே மாட்டார். கையைக் காலோடு மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனால் குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுக்கும். அதைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு குளம்புக்குள் சிக்கிய கல்லையும் மண்ணையும் குதிப்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கிண்டி எடுப்பார். நடுவில் வி எழுத்து மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும், அதில் கிண்டுகிற இரும்பு படாமல் பார்த்துக்கொள்வார். நாலு காலும் முடியும்வரை யாரோடும் பேச மாட்டார்.

1956இல் பந்தயச் சூதுக்குத் தடை வந்தது, ரேஸ்கோர்ஸ் அத்தோடு முடிந்தது. சூதால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியாமல் போனது உண்மை, தடையைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா பார்த்த குதிரையை முதலாளி ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டார், காலையில் போனால் லாயம் வெறுமை. அப்புறம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பந்தயத்தைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை, குதிரையைப் பற்றி மட்டும் பேசுவார்.

நுவரெலியாவில் இப்போதும் ஏப்ரல் சீசனுக்குக் குதிரை ஓடுகிறது, அந்த மைதானம் 1875இலிருந்து இருக்கிறது. இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மட்டில்டா கார்ல்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகக் குதிரை தாண்டினாள், பார்த்தாயா? நான் டீவி முன்னால் எழுந்தே நின்றேன். நெடுந்தீவுக்குப் போனபோது போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அங்கே திரிகிற கட்டைக் குதிரைகளைக் கண்டும் அப்பாவைத்தான் நினைத்தேன்.

சரி, சின்னவளுக்கு நான் சொன்னதாகச் சொல். சேணத்தில் ஏற அவசரப்படக் கூடாது. காது முன்னுக்கு நிமிர்ந்திருந்தால் குதிரை கவனிக்கிறது, பின்னுக்குப் படுத்து ஒட்டியிருந்தால் கோபம், அப்போது விலகி நிற்க வேண்டும். கரட் கொடுத்தால் உள்ளங்கையை விரித்துக் கொடுக்கட்டும், விரலால் பிடித்துக் கொடுத்தால் விரலும் சேர்ந்து வாய்க்குள் போகும். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே விடாதே. சவாரி முடிந்து இறங்கியதும் குதிரையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடாமல், தேய்த்து, குளம்பு பார்த்து, தண்ணீர் வைத்துவிட்டு வரட்டும். அங்கே அதற்கெல்லாம் ஆள் இருந்தாலும் கேட்டு வாங்கிச் செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடியும்போது வீடியோ கோல் எடு. அவள் ஏறி ஓடுவதை அப்புறம் பார்க்கிறேன், முதலில் ஒரு குளம்பைத் தூக்கிச் சுத்தம் பண்ணிக் காட்டச் சொல்.

அன்புடன்,
அப்பா