மேட்டுக்குச் சோயா, பள்ளத்துக்குச் சட்டம்

ஆசிரியருக்கு,

பிரேசிலில் காடு அழிகிறது என்றாலே அமேசான் படம்தான் அச்சாகிறது. 2023இல் அமேசானைவிட அதிகப் பரப்பு அழிந்தது, புல்லும் குறுமரமும் கலந்த செர்ராடோ சவன்னாவில்: சுமார் 11,000 சதுர கி.மீ. ஏறக்குறைய 20 லட்சம் சதுர கி.மீ. கொண்ட அந்த நிலப்பரப்பில் பாதி ஏற்கெனவே மேய்ச்சலுக்கும் பயிருக்கும் போய்விட்டது.

செர்ராடோ மண் புளிப்பு மண். அலுமினியம் அதிகம், மணிச்சத்து குறைவு. 1973இல் தொடங்கிய அரசு ஆய்வு நிறுவனம் எம்பிராப்பா, ஹெக்டேருக்கு டன் கணக்கில் சுண்ணாம்பு, பாஸ்பேட் உரம், குறைந்த பகல்நேரத்திலும் வளரும் சோயா ரகங்கள் என்று வழி கண்டது. அதன் பிறகுதான் ஒன்றுக்கும் உதவாத மேடு என்று கிடந்த நிலத்துக்கு விலை வந்தது.

அந்த மேடு சும்மா கிடக்கவில்லை. பள்ளத்தாக்கில் நீரோரமாகக் குடியிருக்கும் மக்கள் மாடு மேய்க்கவும், பழமும் மூலிகையும் பறிக்கவும் ஏறிய பொது நிலம் அது. அவர்களிடம் பட்டா இல்லை. பெரும்பகுதி அரசுப் புறம்போக்கு. இப்படிப்பட்ட நிலத்தைப் போலிப் பத்திரம் காட்டி வளைப்பதற்கு அங்கே 'கிரிலாஜெம்' என்று பெயர். புதுத்தாளைப் பழசாகக் காட்ட, சிள்வண்டுகளோடு பெட்டியில் போட்டு வைப்பார்களாம். போர்த்துகீசிய மொழியில் 'கிரிலோ' என்றால் சிள்வண்டு; பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமானது இரண்டாம் கட்டம். 2012 வனச் சட்டப்படி அமேசான் காட்டில் பண்ணை நிலத்தின் 80 சதவீதத்தை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும். செர்ராடோவின் பெரும்பகுதியில் 20 சதவீதம் போதும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த ஒதுக்கு நிலம் பண்ணைக்கு வெளியேயும் இருக்கலாம். ஆகவே தட்டையான மேட்டை முழுதாக உழுதுவிட்டு, இயந்திரம் இறங்காத பள்ளத்தாக்கை ஒதுக்கு நிலமாகக் காட்டுகிறார்கள். கிராமப்புறச் சுற்றுச்சூழல் பதிவேட்டில் எல்லைக்கோட்டை வரைவது நிலத்துக்கு உரிமை கோருபவரே. சரிபார்ப்பு பின்னால் மெதுவாக வரும். அதற்குள் தலைமுறைகளாக அங்கே மரவள்ளி நட்டவர் 'காட்டை ஆக்கிரமித்தவர்' ஆகிவிடுவார்.

வாங்குபவர்களின் விதிகள் இங்கே எட்டுவதில்லை. புதிதாகக் காடு அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று வணிகர்கள் 2006இல் செய்த சோயா தடை ஒப்பந்தம் அமேசானுக்கு மட்டுமே போடப்பட்டது. காடு அழித்த நிலத்தின் விளைபொருளைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டத்தில் 5 மீட்டருக்கு மேல் வளரும் மரமும் 10 சதவீதத்துக்கு மேல் விதானமும் இருந்தால்தான் காடு; புல்லும் குறுமரமுமான செர்ராடோவில் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. குறுமர நிலத்தையும் அதில் சேர்க்க வேண்டும். வணிக நிறுவனங்கள் செயற்கைக்கோள் படத்தோடு நில்லாமல், நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பத்திரத் தொடரையும் கேட்க வேண்டும். மரம் எந்த ஆண்டு விழுந்தது என்பது படத்தில் தெரியும். யார் நிலத்தில் விழுந்தது என்பது தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்