எட்டாத பந்துக்கு எர்ரர் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பேஸ்பால் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் முதலில் நன்றி. பேட்டிங், பிட்சிங் பற்றியெல்லாம் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர் ஃபீல்டிங் வந்ததும் "எர்ரர் குறைவாகச் செய்பவரே சிறந்த ஃபீல்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எர்ரர் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். சாதாரண முயற்சியிலேயே எடுத்திருக்க வேண்டிய அவுட்டை ஃபீல்டர் கோட்டைவிட்டார் என்று மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் நினைத்தால் அது எர்ரர். அவர் அப்படி நினைக்க வேண்டுமானால் ஃபீல்டர் முதலில் பந்துக்குப் பக்கத்திலாவது போயிருக்க வேண்டும். கால் மெதுவாக இருப்பவருக்கு இரண்டடி தள்ளிப் பந்து ஓடிவிட்டால் அது ஹிட், அதாவது பேட்டர் தன் அடியால் சம்பாதித்தது என்று எழுதப்படும், ஃபீல்டர் கணக்கில் ஒன்றுமே ஏறாது. அதே பந்துக்குப் பாய்ந்து போய்க் கையில் பட்டு நழுவவிட்டவருக்குத்தான் எர்ரர் விழும் ஆபத்து.

டெரெக் ஜீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), 3,465 ஹிட் அடித்தவர், நான் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் பேஸ்பாலை ரசிக்கக் கற்றுக்கொண்டதே அவரைப் பார்த்துத்தான். 2004 ஜூலையில் பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர்கள் நடுவே போய் விழுந்து முகத்தில் ரத்தத்தோடு எழுந்து வந்தாரே, அதை இன்றைக்கும் மறக்க முடியாது. சிறந்த ஃபீல்டருக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஆண்டுதோறும் தரும் கோல்டு கிளவ் விருது அவருக்கு ஐந்து. 2010-இல், 36 வயதில், வெறும் 6 எர்ரர் செய்து ஐந்தாவதை வாங்கினார். அதே ஆண்டு, அவர் பக்கம் வந்த பந்துகளில் எத்தனை அவுட் ஆயின என்று கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் அவரைச் சராசரிக்குக் கீழேதான் வைத்தார்கள். கையில் வந்ததைத் தவறவிட மாட்டார், ஆனால் பல பந்துகள் அவர் கைக்கு வரவே இல்லை. எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் என்பதால் இதை ஒப்புக்கொள்ளவே சில வருடம் ஆனது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர், பேஸ்பால் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து எழுதிய பில் ஜேம்ஸ். எத்தனை தவறு என்று எண்ணாமல், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை அவுட்டில் இவர் கை இருந்தது என்று எண்ணலாமே என்றார் 1970-களிலேயே. ஆஸி ஸ்மித் என்ற ஷார்ட்ஸ்டாப் 1980-இல் 621 அசிஸ்ட் (பந்தை எறிந்து இன்னொருவர் அவுட் ஆக்க உதவுவது) எடுத்தார், ஷார்ட்ஸ்டாப்புக்கு இன்றும் அதுதான் சாதனை. அந்த ஆண்டு அவருக்கு எர்ரர் 20-க்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். ஆனால் இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: பந்து வீசும் பிட்சர் நிறைய ஸ்டிரைக்அவுட் எடுத்தால், அதாவது பேட்டர் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆனால், ஃபீல்டருக்குப் பந்தே வராது.

அப்புறம் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எவ்வளவு வேகம் என்று குறித்து, அதே மாதிரிப் பந்தை மற்றவர்கள் எத்தனை முறை அவுட் ஆக்கினார்கள் என்று ஒப்பிடும் முறைகள் வந்தன. அதில் ஒன்றின் பெயர் டிஆர்எஸ். கிரிக்கெட் டிஆர்எஸ் அல்ல, 'டிஃபென்சிவ் ரன்ஸ் சேவ்டு', அதாவது ஃபீல்டிங்கில் மிச்சப்படுத்திய ரன். 2013-இல் அட்லாண்டாவின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் இந்தக் கணக்கில் சுமார் 40 ரன் மிச்சப்படுத்தினார். பத்து ரன்னை ஒரு வெற்றி என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள், ஆக ஒரே ஆள் கையால் மட்டும் நான்கு வெற்றி!

2015-இல் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் ஸ்டாட்காஸ்ட் (பந்தும் ஆட்டக்காரர்களும் நகர்வதைக் கருவிகளால் அளக்கும் முறை) வந்தபின் இன்னும் தெளிவு. 2020 முதல் அதற்குப் பின்னால் இருப்பது ஹாக்-ஐ, நம்மவர்கள் எல்பிடபிள்யூவில் பார்க்கும் அதே ஹாக்-ஐதான். பந்து காற்றில் இருக்கும் நேரம், பேஸ்களுக்குப் பின்னால் தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டர் ஓட வேண்டிய தூரம், ஓடும் திசை எல்லாவற்றையும் வைத்து, இந்தப் பந்து பிடிபட 25 சதவீதம் வாய்ப்பு என்று சொல்கிறது. பிடித்தால் 0.75 கூடும், விட்டால் 0.25 மட்டும் கழியும். எல்லாரும் பிடிக்கும் பந்தை விட்டால் கிட்டத்தட்ட ஒரு முழு அவுட் கழியும். இதைவிட நியாயமாக எப்படி அளப்பது?

இந்த எண்கள் எல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை. ஒரு சீசனை மட்டும் பார்த்தால் மேலும் கீழும் ஆடும், ஒரு முறை நல்லவர் என்பவரை இன்னொரு முறை சுமார் என்னும், இரண்டு மூன்று சீசன் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பேட்டருக்கு ஏற்ப ஃபீல்டரை நிறுத்தி வைத்த கோச்சுக்குச் சேர வேண்டிய பெருமை ஃபீல்டருக்குப் போன காலமும் உண்டு. ஆனால் வெறும் எர்ரரையும் பெயரையும் பார்த்த காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1999-இல் ரஃபேல் பால்மெய்ரோ முதல் பேஸில் 28 ஆட்டம் மட்டுமே ஆடி அந்த இடத்துக்கான கோல்டு கிளவ்வை வாங்கினார். 2013 முதல் அந்த விருதில் சுமார் கால் பங்கு எடை புள்ளிவிவரத்துக்கு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 12 வயதான என் மகள் இங்கே சாஃப்ட்பால் ஆடுகிறாள், போன சீசன் வரை ஷார்ட்ஸ்டாப். யாரும் போகாத பந்துக்கெல்லாம் ஓடுவாள், சில நழுவும், நோட்டில் எர்ரர் என்று விழும். சீசன் பாதியில் அந்த நோட்டைக் காட்டி, பந்தே அதிகம் வராத ரைட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரில் வரும்போது கேட்டாள், "அப்பா, நான் ஓடாம அப்படியே நின்னிருந்தா எர்ரரே வந்திருக்காதுல்ல?" என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

உங்கள் பத்திரிகையைப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கும் பெற்றோர் இங்கே நிறையப் பேர். அடுத்த முறை ஃபீல்டர்களின் பட்டியல் போடும்போது எர்ரர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை பந்தை எட்டினார், எத்தனையை அவுட் ஆக்கினார் என்று இன்னொரு கட்டமும் போடுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்